ஒரே ஊர், ஐந்து ஆய்வுகள்: ஸ்லேட்டர் கிராமங்களும் மீளாய்வின் சிக்கல்களும்

சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராகக் கில்பர்ட் ஸ்லேட்டர் 1915ஆம் ஆண்டின் இறுதியில் சென்னைக்கு வந்தார். அதற்கு முன் ஆக்ஸ்போர்டில் உழைப்பாளர்க்கென அமைந்த ரஸ்கின் கல்லூரியின் முதல்வராக இருந்தவர். இங்கிலாந்தில் ஊர்ப்பொது நிலங்கள் வேலியிடப்பட்டுத் தனியுடைமையானதையும் சிறு உழவர் நிலமிழந்ததையும் குறித்து 1907இல் நூல் எழுதியவர். நிலமிழப்பைப் பற்றிய கேள்வியோடு வந்த இவர், வினாநிரல் ஒன்றை மாணவர் கையில் கொடுத்து, விடுமுறையில் அவரவர் ஊரை ஆராயச் செய்தார். 1916இல் திரட்டிய செய்திகள் ‘சில தென்னிந்தியக் கிராமங்கள்’ எனப் பொருள்படும் தலைப்பில் 1918இல் ஆங்கில நூலாக வெளிவந்தன. தென்னார்க்காட்டு இருவேல்பட்டு, வடார்க்காட்டுத் தூசி, தஞ்சைப் பாலக்குறிச்சி, திருநெல்வேலிக் கங்கைகொண்டான், இராமநாதபுரம் மாவட்டத்து வடமலைபுரம் ஆகிய ஊர்கள் அந்நூலால் ஆய்வுலகில் அறியப்பட்டன.

நிலவுடைமை, குத்தகை, கூலி, கடன் ஆகியவற்றோடு குடிநீரும் பள்ளியும் ஒரே கட்டுரைக்குள் இடம்பெற்ற காலம் அது. இன்று இவை சமூகவியல், வேளாண்மை, கல்வியியல், பொதுச் சுகாதாரம் எனத் தனித்தனித் துறைகளாகிவிட்டன. பூனா வேளாண் கல்லூரியின் முதல்வர் ஹரால்டு மேன் தக்காணத்துக் கிராமம் ஒன்றைப் பற்றி 1917இல் வெளியிட்ட நூலும் இத்தகைய கலப்பு ஆய்வே.

ஸ்லேட்டர் கிராமங்களின் தனிச்சிறப்பு மீளாய்வுத் தொடர்ச்சியில் உள்ளது. பி.ஜே. தாமஸும் கே.சி. இராமகிருஷ்ணனும் 1936-37இல் இவ்வூர்களை மீண்டும் ஆராய்ந்து 1940இல் நூலாக்கினர். 1961இல் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் 1980களில் இப்பணியை மேற்கொண்டது, இருவேல்பட்டை எஸ். குகனும் மானிடவியலாளர் ஜோன் மென்சரும் 1981இல் ஆராய்ந்தனர். அதே ஊருக்கு ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் 2008இல் சென்றனர். ஏறத்தாழ நூறாண்டு இடைவெளியில் ஓர் ஊரை ஐந்து முறை கண்ட ஆவணத்தொடர் அரிது. அதனாலேயே 1916ஆம் ஆண்டைத் தொடக்கப் புள்ளியாக வைத்து மாற்றத்தை அளக்கும் வழக்கம் நம் ஆய்வேடுகளில் வேரூன்றியுள்ளது. அப்புள்ளி எவ்வளவு உறுதியானது என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

இருவேல்பட்டுப் பதிவில் வரும் படியாள்களை எடுத்துக்கொள்வோம். கடன்பட்டு, தலைமுறை தலைமுறையாக ஒரு நிலவுடைமையாளருக்குக் கட்டுப்பட்டு உழைத்தவர்களை ஸ்லேட்டரின் நூல் பண்ணையடிமைகளுக்கு நிகரானவர்களாகவே காண்கிறது. இதைப் பதிந்தது அந்நூலின் பெருமை. ஆனால் அந்த அடிமைத்தனம் அங்கு ‘கடன்’ என்னும் தலைப்பின்கீழ் விளக்கம் பெறுவதைக் கவனிக்க வேண்டும். கடன் என்பது கொடுத்தவரின் கணக்கேட்டுச் சொல். வாங்கியவர் அதே உறவைச் சாதி என்றோ, குடியிருக்கும் மனைக்கட்டு நிலவுடைமையாளரின் கையில் இருந்த நிலை என்றோ சொல்லியிருக்கக்கூடும். 1916இல் பல்கலைக்கழகப் பொருளியல் வகுப்பில் அமர்ந்திருந்தவர் பெரும்பாலும் ஊர்த்தெருவைச் சேர்ந்தவரே; அவர்தம் கேள்வி சேரியில் ஒருவிதமாகவும் சொந்த வீட்டுத் திண்ணையில் வேறுவிதமாகவும் ஒலித்திருக்கும். இதே நெருக்கமே குத்தகை, வட்டி, வரதட்சணை போன்றவற்றில் அயலார்க்கு எளிதில் கிட்டாத செய்திகளை அவர்களுக்குத் தந்தது. அந்தப் பலத்தையும் குறையையும் ஒன்றிலிருந்து மற்றொன்றைப் பிரித்தெடுக்க இயலாது.

கேள்வி கேட்டவர் மாறியதோடு, கேள்வியின் பொருளும் மாறிற்று. ‘உமக்கு எவ்வளவு நிலம்?’ என 1916இல் கேட்டபோது, விடை சொன்னவரின் தகுதியே அதில் வெளிப்பட்டது. தமிழ்நாட்டு நில உச்சவரம்புச் சட்டம் 1961இல் இயற்றப்பட்டு, 30 தரநிலை ஏக்கராக இருந்த வரம்பு 1970இல் 15 ஆகக் குறைக்கப்பட்ட பின், அதே கேள்வி சட்டத்தின் கேள்வியாக ஒலித்தது. பெருநிலவுடைமையாளர் விடையைக் குறைத்துச் சொல்லக் காரணம் பிறந்தது. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தபின் படியாள் பற்றிய விடையும் அவ்வாறே ஆயிற்று: 1916இல் ஊர் வழக்கமாகச் சொல்லப்பட்டதை 1981இல் ஒப்புக்கொள்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதாகும். எனவே எண்ணிக்கை குறைந்ததில் எவ்வளவு உண்மையான விடுதலை, எவ்வளவு மௌனம் என்பதை அட்டவணை மட்டும் சொல்லாது. 2008 ஆய்வு பெருநிலவுடைமையாளரின் பிடி தளர்ந்ததை உறுதியாகக் காட்டுகிறது என்றால், அது கணக்கெடுப்பை மட்டும் நம்பாமல் ஊர் அரசியலையும் வேளாண்மைக்கு வெளியிலான வேலைகளையும் சேர்த்துப் பார்த்ததால்தான்.

அளவைகளில் ஏற்படும் குழப்பம் சிறிது, ஆனால் தொல்லையானது. தஞ்சை வேலி ஏறத்தாழ 6.6 ஏக்கர், தொண்டைமண்டலக் காணி ஏறத்தாழ 1.32 ஏக்கர். மரக்காலோ வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டது. நெல்லாக அளந்த கூலியை ரூபாயாக்கி ஐந்து ஆய்வுகளையும் ஒரே வரைபடத்தில் இணைப்போர் எந்த மரக்கால் என்பதை முதலில் சொல்ல வேண்டும்.

ஆய்வு நடந்த ஆண்டுகளும் இயல்பானவை அல்ல. 1916 உலகப்போரின் நடு ஆண்டு. நூல் வெளிவந்த 1918இலேயே நச்சுக்காய்ச்சல் பரவி இந்தியாவில் 1 கோடிக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. 1916இன் குடும்ப எண்ணிக்கை அப்பேரிழப்புக்கு முந்தியது. 1936, பெருமந்தத்தில் விளைபொருள் விலை சரிந்த காலத்தின் வால்பகுதி. அன்றைய கடன்சுமையை இருபதாண்டு வீழ்ச்சியின் முடிவாகப் படிப்பது தவறு. பசுமைப்புரட்சி முழுவதும் 1961, 1981 என்னும் இரு புள்ளிகளுக்கு இடையே நிகழ்ந்து முடிந்தது.

கல்வியிலும் உடல்நலத்திலும் இந்த இடைவெளி இன்னும் மிகுதி. மீளாய்வுகள் நிலத்தையும் உழைப்பையும் முதன்மைப்படுத்தியதால், 1918 நூலின் பள்ளி, குடிநீர்ப் பகுதிகள் உரிய கவனம் பெறவில்லை. சென்னை மாகாணத் தொடக்கக் கல்விச் சட்டம் 1920இல் வந்தது. 1916இன் பள்ளிப்பதிவு அதற்கு முந்திய நிலையைக் காட்டுவது. சத்துணவுத் திட்டம் 1982இல் தொடங்கியது. 1981 ஆய்வு அதற்கு ஓராண்டு முன் முடிந்துவிட்டது. சேரிப் பிள்ளைகள் எப்போது, எவ்வாறு வகுப்பறைக்குள் நிலைபெற்றனர் என்பதை இந்த ஐந்து புள்ளிகளால் மட்டும் அறிய முடியாது. ஊர்ப்பள்ளிச் சேர்க்கைப் பதிவேடுகளையும் பிறப்பு இறப்புப் பதிவேடுகளையும் அவற்றுடன் வைத்துப் படிக்க வேண்டும். நம் ஆய்வேடுகளில் வினாநிரல் பின்னிணைப்பில் யாரும் புரட்டாத பக்கமாகக் கிடக்கிறது. யார், எந்தத் தெருவில் நின்று, எந்தச் சட்டம் நடப்பிலிருந்தபோது அதைக் கேட்டார் என்னும் குறிப்பு அதனருகே இருந்தால், அடுத்து அவ்வூருக்குச் செல்பவர் ஒப்பிடத் தக்கது எது, தகாதது எது எனத் தாமே பிரித்துக்கொள்வார்.