ஐந்து ஆம்பியர் சந்தா

லெபனானில் அரசு மின்சாரம் நின்றால், பெரும்பாலான வீடுகளுக்கு நெடுங்காலம் கைகொடுத்தது தெருமுனை ஜெனரேட்டர். 1975 முதல் 1990 வரை நீடித்த உள்நாட்டுப் போரில் வேரூன்றிய ஏற்பாடு அது. 1982ல் இஸ்ரேல் மேற்கு பெய்ரூட்டை முற்றுகையிட்டபோது தண்ணீரும் மின்சாரமும் சேர்த்தே துண்டிக்கப்பட்டன. வசதியுள்ளவர்கள் பால்கனியில் சிறு ஜெனரேட்டர் வைத்துக்கொண்டார்கள். பெரிய டீசல் எஞ்சின் வாங்கியவர்கள் தங்கள் தேவைக்குப் போக மிஞ்சியதை ஒயர் இழுத்து அக்கம்பக்கத்துக்குக் கொடுத்து, மாதாமாதம் பணம் வாங்கினார்கள். ஊர்க்காரர்கள் அதை இஷ்திராக், அதாவது சந்தா, என்கிறார்கள். போர் முடிந்தும் சந்தா முடியவில்லை. 1996லும் 2006லும் மின் கட்டமைப்பின் மீது குண்டு விழுந்தது. 1964ல் தொடங்கிய அரசு மின் நிறுவனம் 1990களின் நடுவில் நிர்ணயித்த கட்டணத்தையே 2022 நவம்பர் வரை வசூலித்து, எண்ணெய் விலை ஏற ஏற நஷ்டத்தில் மூழ்கியது. தலைநகருக்குள் நாளுக்கு 3 மணி நேர மின்வெட்டு, வெளியே அதைப்போலப் பல மடங்கு என்பதே பல ஆண்டுகள் நடைமுறையாக இருந்தது. இதை அரசியல் சீரழிவின் கதையாகச் சொல்வதே வழக்கம். அது சரிதான். ஆனால் இந்த வரலாற்றில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. பக்கத்து வீட்டுக்கு மின்சாரம் கொடுப்பது ஆபத்தான வேலை. ஆய்வாளரோ உரிமமோ இல்லாத இடத்தில் அந்த ஆபத்தைக் கட்டுக்குள் வைத்தது எது, எதுவரை?

ஒரு பிரேக்கர் என்பதே என் பதில். லெபனானில் தெரு மின்சாரம் நீண்ட காலம் யூனிட் கணக்கில் விற்கப்படவில்லை. 5 ஆம்பியர், 10 ஆம்பியர் என்று விற்கப்பட்டது. 220 வோல்ட்டில் 5 ஆம்பியர் என்றால் 1,100 வாட். ஃப்ரிட்ஜ், விளக்குகள், டிவி ஓடும். தண்ணீர் ஹீட்டரைப் போட்டால் விழுந்துவிடும். விழுவது வீட்டுக்குள் உள்ள சுவிட்ச் அல்ல. ஒயர் புறப்படும் இடத்தில், உரிமையாளரின் பெட்டியில், வரிசையாக நிற்கும் பிரேக்கர்களில் ஒன்று. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் உள்ளே இருக்கும் ஈருலோகத் தகடு சூடேறி வளைந்து இணைப்பை விடுவிக்கும். ஷார்ட் ஆனால் காந்தச்சுருள் நொடியில் இழுத்துவிடும். ஒயர் தீப்பிடிக்காமலும் எஞ்சின் திணறாமலும் காத்தது இந்தச் சாதனம்தான். சந்தாவுக்கு மேல் பெரிதாகத் திருடவிடாமல் பார்த்துக்கொண்டதும் இதுதான். ஒப்பந்தமும் பாதுகாப்பும் ஒரே பெட்டியில் இருந்ததால் முன்னதை மீறாமல் பின்னதை மீற முடியவில்லை. இராக்கின் தெரு ஜெனரேட்டர்களும் ஆம்பியர் கணக்கிலேயே விற்பதைப் பார்த்தால் இது தற்செயல் இல்லை என்று தோன்றுகிறது.

அரசு மின்சாரமும் ஜெனரேட்டரும் ஒரே நேரத்தில் இணையாமல் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் சேஞ்ச்ஓவர் சுவிட்சும் உரிமையாளரின் அதே சுயநலத்தால்தான் வந்தது. ஜெனரேட்டர் ஒயரை வீட்டின் பிளக்கில் சொருகி மெயினை அணைக்க மறந்தால், அந்த மின்சாரம் தெருக்கம்பிக்குத் திரும்பி ஓடும். டிரான்ஸ்பார்மர் வழியாகப் பின்னோக்கிப் போகும்போது 220 வோல்ட் ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயரும். கம்பி செத்திருக்கிறது என்று நம்பிக் கைவைக்கும் லைன்மேன் சாவார். அவருக்காக ஜெனரேட்டர்காரர் செலவழித்திருப்பாரா என்பது சந்தேகமே. ஆனால் தெருவின் சுமை முழுவதும் தன் எஞ்சின் மேல் விழுவதையும், அரசு மின்சாரம் திடீரென்று வந்து தன் ஆல்டர்னேட்டரில் மோதுவதையும் அவர் விரும்பமாட்டார். தன் இயந்திரத்தைக் காக்க அவர் வைத்த சுவிட்ச் லைன்மேனையும் காத்தது. அதுவும் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றும் சுவிட்சாக இருந்தால்தான் காவல் முழுமையாகும். பேஸை மட்டும் மாற்றி நியூட்ரலைப் பொதுவாக விட்டால், செத்ததாகக் கருதப்படும் கம்பியிலும் உயிர் இருக்கலாம்.

உரிமையாளரின் பணப்பை தொடாத இடங்களில் நிலைமை வேறு. ஒரு ஆளைக் கொல்ல 5 ஆம்பியர் வேண்டாம். கசிவு மின்சாரத்துக்கான சாதனம் 30 மில்லிஆம்பியரில் இணைப்பைத் துண்டிக்கிறது. சந்தா பிரேக்கர் அதைப்போல 160 மடங்குக்கு மேல் ஓடினாலும் அசையாது. மெல்லிய ஒயரை வெகுதூரம் இழுத்தால் ஷார்ட் ஆகும்போதுகூடப் போதிய மின்சாரம் பாயாமல் பிரேக்கர் தாமதிக்கும். கசிவில் ஒருவர் செத்தாலும் எஞ்சினுக்கு ஒன்றும் ஆகாது என்பதால் எர்த்தும் கசிவுத் துண்டிப்பானும் அவரவர் பாடாயின. டீசல் புகையும் அப்படித்தான். குடியிருப்புகளின் காலடியில் ஓடிய எஞ்சின்களின் புகையில் புற்றுநோய் உண்டாக்கும் துகள்கள் இருப்பதை பெய்ரூட் அமெரிக்கப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். புகைபோக்கியை உயர்த்தினால் உரிமையாளருக்குச் செலவு. உயர்த்தாவிட்டால் அவருக்கு நஷ்டம் ஏதுமில்லை.

இதைப் பகிர்வு என்று சொல்வதே அபத்தம், இது மாஃபியா என்பார்கள். பெய்ரூட்டில் அன்றாடம் காதில் விழும் சொல்தான் அது. தெருவுக்கு ஒருவர் என்று எல்லை பிரித்துக்கொண்ட பிறகு விலை பேச இடமில்லாமல் போனது உண்மை. ஆனால் ஏகபோகம் விலையைத்தான் கெடுத்தது, பிரேக்கரை அல்ல. சொல்லப்போனால் தெரு முழுவதும் தனதாக இருந்தவருக்குத்தான் தன் ஒயரைக் கவனிக்கும் அக்கறை அதிகம். இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒழுங்குபடுத்தவேண்டியது அரசு, அது தவறிய இடத்தில் சுயநலத்தைப் பாராட்டலாமா என்பது. நான் பாராட்டவில்லை, அது எங்கே நின்றுபோனது என்பதைத்தான் பார்க்கிறேன். மின் விநியோகம் சட்டப்படி அரசு நிறுவனத்தின் தனி உரிமை, ஆகவே தெருவைக் கடந்து ஒயர் இழுத்த ஜெனரேட்டர்கள் அனைத்தும் சட்டவிரோதம். சட்டவிரோதமான ஒன்றுக்கு எர்த்தும் புகைபோக்கியும் இப்படி இருக்கவேண்டும் என்று விதி எழுதினால் அதை அங்கீகரித்ததாகிவிடும். அப்படிப்பட்ட விதிகள் உறுதியாக அமலாகாததில் அந்தத் தர்மசங்கடத்துக்கும் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

வேடிக்கை என்னவென்றால், விலைக்கு மட்டும் அந்தச் சங்கடம் இல்லை. 2011 முதல் எரிசக்தி அமைச்சகம் மாதந்தோறும் ஜெனரேட்டர் கட்டணத்தை அறிவித்தது. 2018 அக்டோபரில் மீட்டர் கட்டாயமானது; உரிமையாளர்கள் முரண்டு பிடித்தார்கள். வாடிக்கையாளருக்கு மீட்டர் நியாயமே, வீட்டைப் பூட்டிக்கொண்டு வெளியூர் போன மாதத்துக்கும் முழுச் சந்தா கட்டவேண்டியதில்லை. என்றாலும் மீட்டர் அளக்கும், துண்டிக்காது. அதனால் பிரேக்கர் அதே பெட்டியில் இருந்தது; யூனிட் விலையோடு ஆம்பியர் வாரியான நிலைக்கட்டணமும் ரசீதில் தொடர்ந்தது.

2021 அக்டோபர் 9 அன்று தெய்ர் அம்மார், ஸஹ்ரானி மின் நிலையங்கள் எண்ணெய் இன்றி நின்று, நாடு முழுவதும் அரசு மின்சாரம் அற்றுப்போனது. மறுநாள் ராணுவத்தின் டீசலால்தான் அவை உயிர்பெற்றன. டீசல் மானியமும் போயிருந்ததால் ஜெனரேட்டர்காரர்களே நேரம் குறைத்து ஓட்டினார்கள். முடிந்தவர்கள் மொட்டைமாடியில் சோலார் தகடும் பேட்டரியும் வைத்தார்கள். அப்படிப்பட்ட வீடுகளில் அரசுக்கம்பி, சந்தா ஒயர், இன்வெர்ட்டர் மூன்றும் ஒரே பலகையில் வந்து சேர்கின்றன. தெருப்பெட்டியின் பிரேக்கரில் உரிமையாளரின் அக்கறை முடிந்துவிடுகிறது. அதற்கு இந்தப் பக்கம் எந்த ஒயர் எதோடு சேருகிறது என்பது, பலகையை மாட்டிய எலெக்ட்ரீஷியனின் கைத்திறனைப் பொறுத்தது.