‘கம்ஃபர்ட்டபிளி நம்’ பாடலின் இரண்டாம் தனிவாசிப்பு: ஒரு சான்றின் மறுவாசிப்பு

ராக் இசையின் கிட்டார் தனிவாசிப்புகளுள், அதாவது ‘சோலோ’ எனப்படும் பகுதிகளுள், தகுதிக்கு மீறிப் புகழப்பட்டவை எவை என்னும் விவாதத்தில், பிங்க் ஃபிளாய்ட் குழு 1979 நவம்பரில் வெளியிட்ட ‘தி வால்’ தொகுப்பிலுள்ள ‘கம்ஃபர்ட்டபிளி நம்’ பாடலின் இரண்டாம் தனிவாசிப்பை முன்வரிசையில் நிறுத்தும் ஆய்வுப்போக்கு ஒன்று உண்டு. வாசித்தவரான டேவிட் கில்மரே பிற்காலப் பேட்டியொன்றில் அளித்த விளக்கம்தான் அப்போக்கின் முதன்மைச் சான்று. அந்தச் சான்று பாதியளவே வாசிக்கப்பட்டிருக்கிறது என்பதும், மீதிப் பாதியையும் சேர்த்து வாசித்தால் முடிவு ஏறக்குறைய தலைகீழாகிறது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

கில்மரின் விளக்கப்படி, ஐந்தாறு தனிவாசிப்புகள் தனித்தனியே பதிவு செய்யப்பட்டன. பின்னர் அவர் அவற்றைக் கேட்டபடியே ஒவ்வொரு பகுதிக்கும் தாளில் குறியிட்டார். மிக நன்றாக அமைந்ததற்கு இரண்டு சரிக்குறிகள், நன்றாக இருந்ததற்கு ஒன்று, ஆகாததற்குப் பெருக்கல் குறி. அந்த அட்டவணையைப் பின்பற்றி, ஒலிக்கலவை மேசையில் ஒவ்வொரு பதிவின் ஒலியளவையும் கட்டுப்படுத்தும் ‘ஃபேடர்’ என்னும் நகர்த்தியை ஒன்று ஏற்றி ஒன்று இறக்கி, ஒரு பதிவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவித் தாவி முழு வாசிப்பு உருவாக்கப்பட்டது. முந்தைய ஆய்வாளர்கள் இந்த இடத்தோடு நின்றுகொண்டு, அக்கணத்தில் பிறக்காத வாசிப்பு வெறும் ஒட்டுவேலை என்று தீர்ப்பளித்துவிடுகின்றனர்.

ஆனால் விளக்கம் அங்கே முடிவதில்லை. அவ்வாறு தாவும்போது சில வேளைகளில் ஒரு சுரத்திலிருந்து அடுத்ததற்குக் கை செல்லவே முடியாத வகையில் இணைப்பு அமைந்துவிடும் என்றும், அப்போது வேறோர் இடத்தில் இயல்பாக ஒலிக்கும் இணைப்பைத் தேட வேண்டியிருக்கும் என்றும் கில்மர் தொடர்கிறார். இக்கூற்றின் கனம் போதிய அளவு உணரப்படவில்லை. பாடலின் இப்பகுதி பி மைனர், ஏ, ஜி, ஈ மைனர் எனச் சென்று மீண்டும் பி மைனரில் வந்து நிற்கும் கார்டுகளின், அதாவது ஒருங்கே ஒலிக்கும் சுரத்தொகுதிகளின், குறுகிய சுழற்சியின் மீது எழுப்பப்பட்டது. கில்மரின் சொற்றொடர்களோ பெரும்பாலும் பி, டி, ஈ, எஃப் ஷார்ப், ஏ என்னும் ஐந்து சுரங்களுக்குள் அடங்குபவை (கர்நாடக இசை அறிந்தோர் இவ்வமைப்பைச் சுத்த தன்யாசியாக இனங்காண்பர்). சுழற்சி மாறாமலும் சுரங்கள் இவ்வளவு குறைவாகவும் இருக்கும்போது, எந்தப் பதிவின் எந்தத் துண்டும் எந்தச் சுற்றிலும் ஓரளவு சுருதி பிசகாமல் பொருந்திவிடும். எனவே, பொருத்தம் மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் இயல்பான இணைப்பைத் தேடவேண்டிய தேவையே எழுந்திருக்காது. ஒரே கை ஒரே மூச்சில் வாசித்திருக்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்னும் கட்டுப்பாட்டைக் கில்மர் தாமாகவே ஏற்றுக்கொண்டார் என்று கொள்வதே சான்றுக்கு நெருக்கமானது.

ஒலிப்பதிவைக் கேட்கும்போதும் இது உறுதிப்படுவதாகவே தோன்றுகிறது. இடையிடையே கீழிறங்கினாலும், வாசிப்பு சுற்றுக்குச் சுற்று மேல் ஸ்தாயியை நோக்கியே நகர்கிறது. தந்தியை இழுத்துச் சுரத்தை உயர்த்திக் கார்வையாக நிறுத்தும் இடங்கள் போகப்போக நெருங்குகின்றன. இத்தகைய ஏற்றம் துண்டுகளின் தற்செயலான சேர்க்கையால் கிடைப்பதன்று. 1995இல் வெளியான ‘பல்ஸ்’ உள்ளிட்ட மேடைப் பதிவுகளில், கில்மர் தொடக்கச் சொற்றொடர்களைப் பெரிதும் காத்துக்கொண்டு பின்னர் விலகி நீள்வது, தொகுத்துக் கிடைத்த வடிவம் அவருடைய கைக்கு உரியதாகவே ஆகிவிட்டதைக் காட்டுகிறது. புகழுக்குக் காரணம் கருவியின் நாதமும் மேடை ஒளியமைப்பும்தான் என்னும் மறுப்பு நெடுநேரம் நிற்காது. அதே நாதமும் அதே மேடையும் வாய்த்த கில்மரின் மற்ற வாசிப்புகள் அனைத்தும் இந்த இடத்தைப் பெறவில்லை.

அக்கணத்தில் பிறந்தது, தொகுத்துச் செய்தது என்னும் பாகுபாடும் சொல்லப்படும் அளவுக்குத் தெளிவானதன்று. தன்னெழுச்சிக்கு எடுத்துக்காட்டாக நிறுத்தப்படும் லெட் செப்பலினின் ‘ஸ்டேர்வே டு ஹெவன்’ (1971) தனிவாசிப்பில், ஜிம்மி பேஜ் முதல் சொற்றொடரை முன்பே தீர்மானித்துக்கொண்டு, மூன்று முறை பதிவு செய்து, ஒன்றைத் தேர்ந்தார். தேர்வு அங்கும் நிகழ்ந்தது. முழுப்பதிவு அளவில் நிகழ்ந்ததைக் கில்மர் சொற்றொடர் அளவில் நிகழ்த்தினார் என்பதே வேறுபாடு. ஈகிள்ஸ் குழுவின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’வில் டான் ஃபெல்டரும் ஜோ வால்ஷும் வாசிக்கும் இறுதிப் பகுதி ஃபெல்டரின் மாதிரிப் பதிவையொட்டி அமைந்தது, அதன் புகழை இக்காரணம் காட்டி எவரும் குறைத்ததாகத் தெரியவில்லை.

மிகைப்புகழ் என்னும் குற்றச்சாட்டு பொருந்துமிடம், ஓரளவு தயக்கத்துடனேனும், சுட்டப்பட வேண்டியதே. ‘கிட்டார் வேர்ல்ட்’ இதழ் 1998இல் வெளியிட்ட பட்டியலில் ‘ஸ்டேர்வே’ முதலிடமும், எடி வான் ஹேலனின் ‘இரப்ஷன்’ (1978) இரண்டாமிடமும், ‘கம்ஃபர்ட்டபிளி நம்’ நான்காமிடமும் பெற்றன. 1 நிமிடம் 42 விநாடி நீளும் ‘இரப்ஷன்’, இரு கைவிரல்களாலும் தந்திகளைத் தட்டி வாசிக்கும் ‘டேப்பிங்’ முறையைப் பரவலாக்கிய அரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும், தொடக்கத்தில் சில கணங்கள் ஒலிக்கும் டிரம்ஸையும் பேஸையும் விட்டால் அதற்கு அடித்தளமாகப் பாடலோ, எதிர்கொள்ள வேண்டிய கார்டுச் சுழற்சியோ இல்லை. ஒரு பாடல் நான்கு நிமிடங்களுக்கு மேல் திரட்டிய அழுத்தத்தைத் தாங்கி எழும் வாசிப்புக்கு மேலாக அதை அதே அளவுகோலால் வைத்தது பட்டியலின் பிழை, வான் ஹேலனின் பிழையன்று.