முகம் மறைத்த வாணிகம்

பொருளை விற்போன் அதன் பெருமையைக் கூறுதல் உலக வழக்கு. கூறுவோன் வணிகன் என்பது தெரிந்திருப்பதால், கேட்போன் அவன் சொல்லில் ஒரு பகுதியைத் தள்ளிவிட்டே ஏற்றுக்கொள்கிறான். இந்தக் காவலைக் கடந்து உள்ளே புகுவதற்கு வாணிகம் கண்ட வழி, தன் முகத்தை மறைத்துக்கொள்ளுதல். அதன் வரலாறு நாம் அறிந்திருக்க வேண்டியதாகும்.

1920ஆம் ஆண்டில் அமெரிக்கப் பெண்டிர் நாடு தழுவிய வாக்குரிமை பெற்றனர். எனினும், பெண்கள் பொதுவிடத்தில் புகைபிடித்தல் இழுக்காகவே கருதப்பட்டது. 'லக்கி ஸ்டிரைக்' சிகரெட்டுகளை விற்ற அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனிக்கு இது பெருந்தடையாயிற்று. அதன் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில், தடையை நீக்கும் பணியை எட்வர்டு பெர்னேய்ஸ் என்பாரிடம் ஒப்படைத்தார். இவர் உளவியல் மேதை சிக்மண்ட் ஃபிராய்டின் தங்கை மகன். ஏ. ஏ. பிரில் என்ற உளமருத்துவரை இவர் கலந்தபோது, பெண்டிர்க்குச் சிகரெட் 'விடுதலைப் பந்தம்' என்னும் கருத்துக் கிடைத்தது.

1929 மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு. நியூயார்க் நகரின் ஐந்தாம் அவென்யூவில் உலா வந்த மக்களிடையே இளம்பெண்கள் சிலர் சிகரெட்டைப் பற்றவைத்து நடந்தனர். உரிமைக் குரல் எழுந்ததென நாளேடுகள் எழுதின. அவர்களுள் ஒருவர் பெர்னேய்ஸின் செயலாளர் என்பதோ, பின்னே கம்பெனியின் பணம் நின்றது என்பதோ படித்தவர்க்குத் தெரியாது. சிகரெட் நுரையீரல் புற்றுநோய்க்குக் காரணமாகிறது என்பதை 1964இல் அமெரிக்கத் தலைமை மருத்துவரின் அறிக்கை நாடறிய உரைத்தது. பின்னாளில் பெர்னேய்ஸும் புகைக்கு எதிராகவே பேசினார்.

2002இல் சோனி எரிக்சன் கம்பெனி வேறொரு வழி கண்டது. நடிகர் அறுபதின்மர் சுற்றுலாப் பயணிகள்போல் அமெரிக்க நகரங்களில் உலவினர். "எங்களை ஒரு படம் எடுத்துத் தருவீர்களா?" என்று கேட்டுப் புதிய கைப்பேசியை வழிப்போக்கரிடம் நீட்டினர். உதவ முன்வந்தவர், தம்மை அறியாமலே அக்கருவியின் இயல்பைக் கற்றுச் சென்றார். அன்று விடுதலை வேட்கை கருவியாயிற்று. இங்கே மனிதப் பண்பே கருவியாயிற்று.

நம் நாட்டிலும் சமூக ஊடகங்களின் வழியே இம்முறை பரவியது. 2021இல் இந்திய விளம்பரத் தர மன்றம் நெறிகள் வகுத்தது. 2023 ஜனவரியில் மத்திய அரசு, பொருளோ பரிசோ பெற்றுப் பரிந்துரைப்போர் அதனை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று வழிகாட்டியது.

இம்மலரிலும் விளம்பரங்கள் உண்டு. அவை தம் பெயரைச் சொல்லியே நம்முன் நிற்கின்றன. அதில் குற்றமில்லை. ஆனால், பிறமொழி பேசும் ஊரில் வாழும் நாம், வீடும் பள்ளியும் மருத்துவரும் தேடும்போது, "நம்மவர் சொன்னார்" என்னும் ஒரு சொல்லையே பற்றுக்கோடாகக் கொள்கிறோம். அச்சொல் விலைக்கு வாங்கப்படுமாயின், நாம் இழப்பது கைப்பொருள் மட்டுமன்று. ஒருவரையொருவர் நம்பும் நம்பிக்கையையும் இழப்போம். ஆதலின், இனிய பரிந்துரை எதைக் கேட்பினும், "இதனால் பயன் பெறுவோர் யார்?" என்று ஒருமுறை வினவுவோமாக.