மராமத்து: கொச்சி, கும்பளங்கிப் பகுதிகளில் பராமரிப்புச் செலவின் வரலாறு

முன்னுரை

அரசின் செலவில் முன்னுரிமை பெற வேண்டுவது புதிய கட்டுமானமா, முன்னரே உள்ளவற்றின் பராமரிப்பா என்னும் வினா பழமையானது. ஏரியையும் அணையையும் துறைமுகத்தையும் அமைத்தோர் பெயர் கல்லில் நிலைபெறுகிறது; ஆண்டுதோறும் அவற்றைத் தூர் வாரியோர் பெயர் பெரும்பாலும் நிலைபெறுவதில்லை. கொச்சிக்குத் தெற்கே உப்பங்கழிகள் சூழ அமைந்த கும்பளங்கியையும் அதன் அண்டைப் பகுதிகளையும் சான்றாகக் கொண்டு, பராமரிப்பு எந்நிலையில் நிலைத்தது, எந்நிலையில் நலிந்தது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சொல்லும் பொருளும்

கேரளத்தில் பொதுப்பணித் துறை இன்றும் 'பொதுமராமத்து' என்றே வழங்கப்பெறுகிறது. மராமத்து என்பது அரபு மூலத்திலிருந்து வந்து, பழுதுபார்த்தல் என்னும் பொருளில் தமிழிலும் மலையாளத்திலும் ஊன்றிய சொல்லாகும். தமிழகத்திலும் முன்னர் 'மராமத்து இலாகா' என்னும் வழக்கு இருந்தது; பின்னர்ப் 'பொதுப்பணித் துறை' என்பது அதன் இடத்தைப் பெற்றது. பழுதுபார்ப்பே அத்துறையின் முதற்கடமை எனக் கருதப்பட்ட நிலையை இச்சொல் உணர்த்துகிறது எனலாம்.

தமிழக முன்மாதிரி

முதலாம் பராந்தகனின் உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறையில் அமைந்த வாரியங்களைக் குறிப்பிடுகின்றன. அவற்றுள் ஏரி வாரியம் அறுவரைக் கொண்டது. ஏரிகளின் பராமரிப்புக்கென 'ஏரிப்பட்டி' என நிலம் விடப்பட்டதையும் இடைக்காலக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. ஆகவே, பொறுப்பேற்க ஓர் அவை, செலவுக்கு ஒரு நிலையான வருவாய் என்னும் இரண்டும் அன்று இணைந்திருந்தன.

ஆங்கிலேயர் ஆட்சியில் இவ்விணைப்பு தளர்ந்தது. ஏரி நிலங்களின் வருவாய் அரசுக்குச் சென்றது. உழைப்பு மட்டும் குடிகள்மேல் நின்றது. குடிமராமத்தை வற்புறுத்த 1858இல் கட்டாய உழைப்புச் சட்டம் இயற்றப்பட்டது. வழக்கமாக நிகழ்ந்த ஒன்றைத் தண்டனைச் சட்டத்தால் நிகழ்த்த வேண்டியிருந்தமையே அவ்வழக்கம் நலிந்ததற்குச் சான்றாகும். 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்க நேர்ந்ததும் இதன் தொடர்ச்சியே.

கும்பளங்கியின் வரம்பும் தூம்பும்

கும்பளங்கியின் பழைய வேளாண் அமைப்பு பொக்காளி நெல்லும் இறாலும் மாறிமாறி விளையும் முறையாகும். பருவமழை உப்பைக் கழுவியபின், சூன் முதல் அக்டோபர் வரை நெல் விளையும். கதிரை மட்டும் கொய்து, தாளை நீரிலேயே விடுவர்; நவம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை அது இறாலுக்கு உணவாகும். இவ்வமைப்பு முழுவதும் மண் வரம்பையும், ஓதநீரை உள்விட்டு வெளியேற்றும் மதகையும் நம்பி நிற்கிறது. அம்மதகு அங்கே 'தூம்பு' எனப்படுகிறது. தமிழ்க் கல்வெட்டுகளில் ஏரிமதகைக் குறிக்கும் சொல்லும் இதுவே என்பது ஒப்புநோக்கத்தக்கது.

நெற்சாகுபடி இருந்தவரை ஆண்டுதோறும் வரம்பைச் செப்பனிடுவது உழவின் ஒரு பகுதியாக இருந்தது. நெல் குறைந்து, குத்தகை இறால் வளர்ப்பு மிகுந்தபோது அத்தேவை தளர்ந்தது. வரம்பு வயலுக்கு மட்டுமன்றிக் குடியிருப்புக்கும் காப்பாக இருந்தது. அண்மை ஆண்டுகளில் ஓதப்பெருக்கின்போது உப்புநீர் வீடுகளுக்குள் புகுகிறது. கடல்மட்ட உயர்வுடன், தூர்ந்த கழிகளும் பழுதுற்ற வரம்புகளும் இதற்குக் காரணமாகின்றன. 2003இல் முன்மாதிரிச் சுற்றுலாக் கிராமமாகத் தேர்வுபெற்ற ஊர் இது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

மேற்கே செல்லானம் கடற்கரையில் பழைய கருங்கற்சுவர் பல இடங்களில் சரிந்து, கடல் ஊருக்குள் புகுந்தது. ஒக்கி (2017), டவ்தே (2021) புயல்களுக்குப்பின், 2022இல் 344 கோடி ரூபாய்த் திட்டமாக நான்முனைக் கற்காரைக் கற்களாலான புதிய அரண் எழத் தொடங்கியது. இவ்வரண் மிகத் தேவையானதே. எனினும் பராமரிப்பு தவறுமிடத்துப் புதுக்கட்டுமானத்தின் விலை எவ்வளவு உயர்கிறது என்பதையும் அது காட்டுகிறது.

கொச்சித் துறைமுகம்

1920இல் கொச்சிக்கு வந்த இராபர்ட் பிரிசுடோ முகத்துவார மணல்திட்டை வெட்டி ஆழப்படுத்தினார். 1928இல் பத்மா என்னும் கப்பல் உட்துறைமுகத்தை அடைந்தது. தோண்டிய மண்ணால் வில்லிங்டன் தீவு உருவாயிற்று. எனினும் ஒவ்வொரு பருவமழையும் வண்டலைக் கொண்டுவந்து சேர்ப்பதால் ஆண்டுதோறும் தூர் வாருதல் இன்றியமையாததாயிற்று. கப்பற்கட்டணம் என்னும் வருவாயும், பொறுப்பேற்கும் நிருவாகமும் இருந்தமையால் அப்பணி தடைப்படவில்லை. 2011இல் வல்லார்பாடம் சரக்குப்பெட்டக முனையம் தொடங்கியபின் கால்வாயை மேலும் ஆழமாகப் பேண வேண்டியதாகி, அச்செலவு நிருவாகத்தின் பெருஞ்சுமையாயிற்று. புதுக்கட்டுமானம் தன் பராமரிப்புக் கடனையும் உடன் பிறப்பிக்கிறது என்பது இதனாற் புலனாகும்.

நிதிப் பங்கீடு

1996இல் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கம் கேரள அரசின் திட்ட நிதியில் மூன்றிலொரு பங்கிற்கு மேல் உள்ளாட்சிகளுக்கு வழங்கியது. எனினும் திட்ட நிதி இயல்பாகவே புதுப்பணிகளை நாடுவது. இக்குறையை உணர்ந்த இரண்டாம் மாநில நிதி ஆணையம் (2001), மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் 5.5 விழுக்காட்டைப் பராமரிப்பு நிதியாகத் தனியே ஒதுக்கப் பரிந்துரைத்தது. ஏரிப்பட்டியின் கருத்தே இங்கு வேறு வடிவில் மீண்டது எனலாம். ஆயினும் இந்நிதி உள்ளாட்சியின் உடைமைகளான சாலை, கட்டடம் முதலியவற்றுக்கே உரியது. தனியார் வயல்களைச் சூழ்ந்த வரம்பு ஊரையே காப்பினும், உடைமைப் பதிவேட்டில் இடம்பெறாமையால் அப்பங்கீட்டிற்குப் புறத்தே நிற்கிறது.

முடிவுரை

பொறுப்பாளரும் நிலையான வருவாயும் ஒருங்கே அமைந்த இடத்துப் பராமரிப்பு நிலைத்தது. ஒன்று குறைந்த இடத்தும் நலிந்தது. உத்தரமேரூர் ஏரியும் கொச்சித் துறைமுகமும் முன்னதற்கும், குடிமராமத்தும் கும்பளங்கி வரம்பும் பின்னதற்கும் சான்றுகளாகும். ஆகவே, பொதுநலம் காக்கும் வரம்பையும் தூம்பையும் பொதுவுடைமையாகப் பதிந்து, அவற்றுக்கெனப் பங்கு ஒதுக்குவதே மராமத்து என்னும் சொல் உணர்த்தும் கடமையாகும்.