காய்ந்த வைக்கோல் தந்த சான்று

காற்றின் வெப்பம் உறைநிலைக்கு மேலிருக்கும்போது நீர் உறையுமா? பதினெட்டாம் நூற்றாண்டு அலகாபாத்தில் உறைந்தது. அம்முறையை 1775இல் இராபர்ட் பார்க்கர் இலண்டன் அரச கழகத்தின் ஆய்விதழில் விவரித்தார். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை, சுமார் 30 அடிச் சதுரமும் 2 அடி ஆழமும் கொண்ட குழிகளில் காய்ந்த கரும்பையோ மக்காச்சோளத் தட்டையையோ பரப்புவர். அதன்மேல் மெருகிடாத மண்தட்டுகளை வைத்து, காய்ச்சி ஆறவைத்த நீரை அந்தியில் ஊற்றுவர். விடியுமுன் பனிக்கட்டியைத் திரட்டுவர்.

நீர் ஆவியாவதே இக்குளிர்ச்சிக்குக் காரணம் எனப் பலர் கருதினர். ஆனால் காசியில் இதே தொழிலைக் கண்ட லாயிட் வில்லியம்ஸ், தட்டுகளின் கீழுள்ள வைக்கோல் நனையாதிருத்தல் வேண்டும் என்பது தொழிலாளர் விதி என 1793இல் பதிவுசெய்தார்.

பனித்துளி பற்றிய தம் 1814ஆம் ஆண்டு ஆய்வுரையில் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் இவ்விதியையே சான்றாக்கினார். ஆவியாதலே காரணமெனில் ஈர வைக்கோல் உறைதலுக்குத் துணைசெய்திருக்கும், நடந்ததோ எதிர்மாறு. தெளிந்த வானை நோக்கி நீர் தன் வெப்பத்தைக் கதிர்களாக இழக்கிறது. உலர்ந்த வைக்கோல் தரையின் வெப்பம் மேலேறாமல் தடுக்கிறது. ஆகவே நீர் சூழ்ந்த காற்றோடு சமநிலையில் நில்லாமல் அதனினும் குளிர்ந்து உறைகிறது.

விளக்கம் வெல்ஸின் பெயரில் நிலைத்தது. அதைத் தாங்கிய சான்றோ, பெயர் பதிவாகாத காசித் தொழிலாளரின் பட்டறிவு.