வானத்து ஓட்டை

விருச்சிக மண்டலத்தில் விண்மீன்களற்ற ஓரிடத்தைக் கண்ட வில்லியம் ஹெர்ஷல், வானில் ஓட்டை இருப்பதாக வியந்தார் என்று அவர் தங்கை கரோலின் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். ‘ஓட்டை’ இன்மையைக் குறிக்கும் சொல். அதற்குள் எதையேனும் தேடத் தோன்றாது.

எட்வர்ட் பர்னார்டும் தொடக்கத்தில் அவ்வாறே கருதினார். அவர் எடுத்த ஒளிப்படங்களே அக்கருத்தைத் தளர்த்தின. 1919இல் 182 கரும்பகுதிகளைப் பட்டியலிட்டபோது, அவற்றுள் பல பின்னுள்ள ஒளியை மறைக்கும் பொருள்கள் என அவர் ஏற்றிருந்தார்.

1947இல் பார்ட் போக், எடித் ரைலி இருவரும், சிறிய உருண்டை முகில்கள் விண்மீன்களின் கருநிலையாகலாம் என்றனர். ஆனால் முகிலின் தூசு கண்ணுறு ஒளியை மறைத்தமையால் சான்று கிட்டவில்லை. 1983இல் ஐராஸ் செயற்கைக்கோள் வானை அகச்சிவப்புக் கதிர்களில் அளந்தது. அவ்வாண்டிலேயே போக் மறைந்தார். 1990இல் யுன், கிளெமென்ஸ் இருவரும் அத்தகைய முகில்களுக்குள் இளம் விண்மீன்கள் இருப்பதை உறுதிசெய்து, போக்கின் கணிப்பு சரியே என்றனர்.

சுமார் 10 கெல்வின் குளிரில் வாயுவின் அழுத்தம் ஈர்ப்புக்கு ஈடுகொடுக்க இயலாதபோது, முகிலின் மையம் சரிகிறது. சூரியனை ஒத்த சிறுநிறை விண்மீன் உருவாகிறது. வெறுமை எனப் பெயர்பெற்றது, உண்மையில் அடர்த்தி மிக்க இடமாக இருந்தது.