பெயரே கூலி!

பொன் கேட்கவில்லை, பொருள் கேட்கவில்லை, உழைப்பை வாரி வழங்கினர். அவர்கள் பெற்ற கூலி ஒன்றே ஒன்றுதான் — பெயர்! பெயரா கூலி என்று எள்ளி நகைப்போர், மென்பொருள் வரலாற்றின் இந்த ஏட்டைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

1969-ஆம் ஆண்டு, அமெரிக்காவின் ஏ.டி. அண்டு டி. நிறுவனத்தாருடைய பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் பிறந்தது. கணிப்பொறியை இயக்கும் அடிப்படை மென்பொருள் அது. பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் அதனை உரிமம் பெற்று வாங்கினர். புதியன சேர்த்து வளர்த்தனர். ஆனால், பெர்க்கிலியின் படைப்பை முழுமையாகப் பெற விரும்புவோர், முதலில் ஏ.டி. அண்டு டி.யின் உரிமத்தை விலை கொடுத்து வாங்கியாக வேண்டும்!

இத்தளையை அறுக்க முனைந்தார் கீத் பாஸ்டிக். நிறுவனத்தின் மூலநிரலைப் பாராமல், வெளியான விளக்கங்களை மட்டுமே துணைகொண்டு, கருவிநிரல்களைப் புதிதாக எழுதித் தருமாறு தொண்டர்களை அழைத்தார். எழுதிய நிரலின் பக்கத்திலே எழுதியவர் பெயர் — அவ்வளவே வெகுமதி! 1991 ஜூனில் அந்த வெளியீடு மலர்ந்தது. மூலநிரல் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது.

1992-இல் பாய்ந்தது வழக்கு. "எமது உடைமை இதிலே கலந்துள்ளது" என்றது ஏ.டி. அண்டு டி.யின் துணை நிறுவனம். பல்கலைக்கழகம் அஞ்சிற்றா? இல்லை! எதிர்வழக்குத் தொடுத்தது. "எம்முடைய நிரலை உமது சிஸ்டம் ஃபைவ் மென்பொருளில் சேர்த்துக்கொண்டீர், உரிமத்தின்படி எமது பெயரைக் குறிப்பிட்டீரா? நூல்களைத் திருத்தி அச்சிடுக! இதழ்களிலே முழுப்பக்க விளம்பரம் தருக!" என்று கேட்டது.

1994 ஜனவரியில் சமரசம் ஏற்பட்டது. ஆகவே எதிர்வழக்கு தீர்ப்பைக் காணவில்லை. 18,000 கோப்புகளில் நீக்கப்பட்டவை எத்தனை? மூன்றே மூன்று! ஏறத்தாழ 70 கோப்புகளில் நிறுவனத்தின் பெயர் சேர்க்கப்பட்டது. முறைதான், அவர்தம் உழைப்புக்கும் பெயர் வேண்டுமன்றோ! நமக்கொரு நீதி, பிறர்க்கொரு நீதி என்பது நீதியே அன்று.

2005-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் ஆக்கிய 'கிட்' என்னும் கருவி, எழுதியவர் யார், சேர்த்தவர் யார் என இரு பெயரையும் தனித்தனியே பதிவு செய்கிறது. நல்ல ஏற்பாடு! எனினும், பிழையைக் கண்டு சொன்னவனை, சோதித்துப் பார்த்தவனை, விளக்கவுரை எழுதியவனை அது தானே அறியாது. அவர்கள் பெயரை மனிதன்தான் எழுத வேண்டும்.

எழுதாது விடுவது மறதியன்று, தோழர்களே, இருட்டடிப்பு!